மஞ்சள் ஸ்டிக்கர்

என் வீட்டுக்காரர் பெர்னார்ட், கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் தேங்காயை வாங்க மாட்டார். இத்தனை காய் இருக்க இதை ஏன் எடுத்தான் என்று யோசிப்பார். ஒக்கலிபுரத்தில் எங்கள் தெருவுக்கு வரும் காய்கறி வண்டிக்காரர் இவர் தலையைக் கண்டால் வண்டியை வேகமாகத் தள்ளிக்கொண்டு போய்விடுவார். இப்படிப்பட்ட மனுஷனுக்கு ஆண்டவர் வைட்ஃபீல்டில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை கொடுத்தார். அந்தக் கம்பெனி 2002-இல் ஆட்களைக் குறைக்கத் தொடங்கியிருந்தது.

அந்தச் சமயம் பார்த்து, விண்டோஸ் 98 ஓடும் எல்லா லேப்டாப்பையும் எக்ஸ்பிக்கு மாற்றப் போவதாக அறிவித்தார்கள். சிஸ்டம்ஸ் பிரிவிலிருந்து சுஹாஸ் என்பவர் மேஜை மேஜையாக வந்து சோதித்தார். எக்ஸ்பி ஓடும் என்றால் லேப்டாப்பின் அடியில் பச்சை ஸ்டிக்கர், ஓடாது என்றால் மஞ்சள். பெர்னார்டின் லேப்டாப் பழசு. மெமரி போதாது என்று சொல்லி மஞ்சளை ஒட்டிவிட்டுப் போய்விட்டார். மஞ்சள் வாங்கியவர்களுக்கு என்ன நடக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

அவ்வளவுதான், அன்றைக்கு இவருக்குச் சோறு இறங்கவில்லை.

"பழைய லேப்டாப்ல புதுசு ஓடலன்னா தூக்கிப் போடுவாங்க. அதை வெச்சிருக்கிற ஆளை மட்டும் பத்திரமா வெச்சுப்பாங்களா, பவுலின்?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே பயமும் வந்தது. நான் பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க். என் சம்பளத்தில் வீட்டுக் கடனும் கட்ட முடியாது, பிள்ளைகளைப் படிக்க வைக்கவும் முடியாது. இவருக்கு வேலை போனால் நாங்கள் நடுத்தெருவில்தான். உங்கள் மேனேஜர் நல்ல மனுஷன்தானே, அவரிடம் நேராகக் கேளுங்கள் என்றேன். கேட்டால் பயந்துவிட்டோம் என்று தெரிந்துவிடும், பயந்தவனைத்தான் முதலில் அனுப்புவார்கள் என்று அதற்கும் ஒரு கணக்கு வைத்திருந்தார்.

சனிக்கிழமை, கம்ப்யூட்டர் சாமான் விற்கும் எஸ்.பி. ரோட்டுக்குப் போய் ஒரு மெமரி வாங்கி வந்தார். கடைக்காரர் பில் போடட்டுமா என்று கேட்டாராம். வேண்டவே வேண்டாம் என்று இவர் சொல்லிவிட்டார். பில் இருந்தால் பின்னால் அதுவே சாட்சியாகிவிடுமாம். அந்தச் சாமர்த்தியத்தை என்னிடம் பெருமையாக வேறு சொன்னார்.

மெமரி போடும் இடத்துக்கு ஒரு சின்ன மூடி. அதன் ஸ்க்ரூவை மறைத்து கம்பெனி சீல் ஒட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், நான் இட்லிக்கு வைத்த பாத்திரத்தின் ஆவியில் அந்த சீலைக் காட்டி, கிழியாமல் உரித்தார். மெமரியைப் போட்டார், சீலைத் திரும்ப ஒட்டினார். என் இட்லி கல்லாய்ப் போனது.

திங்கட்கிழமை சுஹாஸைத் தேடிப்போய், நீங்கள் அவசரத்தில் பார்த்துவிட்டீர்கள், இன்னொரு தடவை பாருங்கள் என்றாராம். சுஹாஸ் பார்த்தார், தலையைச் சொறிந்தார், பச்சையை ஒட்டி எக்ஸ்பியைப் போட்டுக் கொடுத்தார். புதுசு ஓடியது என்று சொல்லக் கூடாது, ஊர்ந்தது. ஆன் பண்ணிவிட்டுக் காபி போட்டுக் குடித்து டம்ளரைக் கழுவி வைக்கலாம். ஆனாலும் அன்றைக்கு ஒரு பிளம் கேக்கோடு வந்தார். எனக்கும் உயிர் வந்தது.

அடுத்த வாரம் மஞ்சள் ஸ்டிக்கர்காரர்கள் எல்லாருக்கும் புத்தம் புது லேப்டாப் கொடுத்தார்கள்.

எக்ஸ்பி ஓடாத லேப்டாப்புக்கு வேறு என்ன செய்வார்கள்? யோசித்தால் எனக்கே புரிகிறது. இவருக்குத்தான் அது மட்டும் தோன்றவில்லை. அந்த வயிற்றெரிச்சல் அடங்குவதற்குள் வேறொன்று வந்தது. சிஸ்டம்ஸ் ஸ்டோரில் மெமரி காணாமல் போயிருந்தது. ஒரே வாரத்தில் மஞ்சளிலிருந்து பச்சைக்கு வந்த லேப்டாப் யாருடையது என்று சுஹாஸுக்கு நினைவு வந்திருக்கிறது. திருப்பிப் பார்த்தால் சீல் சுருங்கிக் கிடந்தது. மேனேஜர் சீனிவாசராகவன் கூப்பிட்டு, சொந்தக் காசில் வாங்கியதுதான் என்றால் நாளைக்கு ஆதாரத்தோடு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்.

நான் லீவு போட்டுவிட்டு இவரை இழுத்துக்கொண்டு எஸ்.பி. ரோட்டுக்குப் போனேன். பில் இல்லாமல் விற்றதைப் பற்றி ஒரு பொம்பளை வந்து விசாரித்தால் அந்தக் கடைக்காரர் என்ன நினைப்பார்? வரி ஆபீஸிலிருந்து வந்திருக்கிறேன் என்றுதான். இவரை முன்னே பின்னே பார்த்ததே இல்லை என்று கன்னடத்தில் அடித்துச் சொன்னார். நான் கெஞ்சக் கெஞ்ச அவருக்குச் சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை. பஸ் ஏறும்வரை இவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கும் திட்ட மனசு வரவில்லை, பயம் அவ்வளவு இருந்தது.

மறுநாள் மேனேஜர் அறையில் நடந்ததை இவர் சொல்லித்தான் தெரியும். ஆதாரம் இல்லை சார் என்று சொல்லிவிட்டு, வேலை போய்விடும் என்ற பயம், எஸ்.பி. ரோடு, இட்லிப் பாத்திரம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் கொட்டிவிட்டாராம். சீனிவாசராகவன் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாராம். பிறகு தன்னுடைய லேப்டாப்பை எடுத்துத் திருப்பிக் காட்டினாராம். பச்சை ஸ்டிக்கர். அதன் ஓரத்தில் மெல்லிசாக மஞ்சள் தெரிந்தது.

"நீங்க மெமரியாவது வாங்கிப் போட்டீங்க, பெர்னார்ட். நான் மேல இன்னொண்ணை ஒட்டிட்டேன். இதுல இன்னும் 98தான் ஓடுது. இப்ப யார்கிட்ட போய் புதுசு கேக்கறது?"

அதோடு அவரே, இது பெர்னார்டின் சொந்த மெமரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு விஷயத்தை முடித்துவிட்டார். பெர்னார்ட் அன்றைக்கு வீட்டுக்கு வந்து சிரித்த சிரிப்பு இருக்கிறதே, கல்யாணத்தில்கூட அப்படிச் சிரித்ததில்லை. அவ்வளவு பெரிய மனுஷனுக்கும் நம் பயம்தானா என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். யாரிடமும் மூச்சு விடாதே என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். அந்த முகம் தெரியாத மேனேஜருக்காக நான் அந்த வாரம் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

அடுத்த மாதம் தலைமை ஆபீஸிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். வேறு யார் மேஜைக்கும் போகவில்லையாம். நேராக சீனிவாசராகவனின் அறைக்குப் போய், லேப்டாப்பைத் திருப்பி, நகத்தால் அந்தப் பச்சையைச் சுரண்டினார்களாம். சாயந்திரத்துக்குள் அவர் மேஜையைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார்.

அவருடைய டீமை இப்போதைக்குப் பார்த்துக்கொள்ளும்படி பெர்னார்டிடம் சொன்னார்கள். அதோடு ஒரு புது லேப்டாப்பும் வந்தது.

இவர் அதைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துத் திறந்து ஆன் பண்ணிவிட்டு, திரையை மெத்தென்ற துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். நான் ரசத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். பதினைந்து வருஷமாக இந்த மனுஷனோடு குடித்தனம் செய்கிறேன். இவர் ஊரைச் சந்தேகப்படுவார், நான் இவரைக் கிண்டல் செய்வேன், அதுதான் எங்கள் வழக்கம். இவரைச் சந்தேகப்பட எனக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்த ஸ்டிக்கர் விஷயம் அவர்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று கேட்டேன். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளத்தான் பார்த்தேன்.

துடைப்பது நின்றது. இவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கடைக்காரர் எடுத்துக் கொடுத்த தேங்காயைப் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

"அதைத்தான் நானும் யோசிச்சிட்டிருக்கேன். அவரை விட்டா, தெரிஞ்சது நம்ம ரெண்டு பேருக்குத்தான். நீ ஸ்கூல்ல யார்கிட்டயாவது சொன்னியா, பவுலின்?"

நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவில்லை என்றேன். இவரும் சொல்லவில்லை என்றார். புது லேப்டாப் ஒரே நிமிஷத்தில் எழுந்து எங்கள் இருவர் முகத்திலும் வெளிச்சம் அடித்தது. ரசம் ஆறும்வரை நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.