டாக்டர் அன்றைக்கு எங்கே இருந்தார்

பண்ணாரியம்மன் அறியச் சொல்வது: இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. சந்தேகப்படுகிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம்.

சத்தியமங்கலத்தில் டாக்டர் ஞானாபரணத்தை அடக்கம் செய்து ஒரு மாதம் ஆனபின் சர்ச் மண்டபத்தில் நினைவுக் கூட்டம் வைத்தார்கள். ஆளாளுக்கு எழுந்து சாட்சி சொன்னார்கள். முன்வரிசையில் மனைவி சாராள், பக்கத்தில் மகன் ஸ்டீவ். முதலில் எழுந்தவள் பழனியாத்தாள்.

“சுனாமி வந்ததுக்கு மொத நாளுங்க, கிறிஸ்மஸு. எம்புள்ளைக்கு வலி கண்டுபோச்சு. காலையில வந்த மனுசன் பொழுது சாயற வரைக்கும் எங்கூட்டை உட்டு நகரலீங்க.”

தலையசைத்துக்கொண்டிருந்த சாராள் நிறுத்தினாள். அந்தக் கிறிஸ்துமஸில் அவர் பகல் முழுக்க அவளோடு பிரியாணிக்கு வெங்காயம் உரித்தார். கண் எரிகிறபோதெல்லாம் அவள் முந்தானையைத்தான் இழுத்துத் துடைத்தார்.

அடுத்து சுப்பையன். “பவானியில வெள்ளம் பாலத்தைத் தொட்டுச்சே, அன்னிக்குங்க. பரிசல்காரன் வரமாட்டேனுட்டான். தானே துடுப்புப் போட்டு வந்து என்ற காலைக் காப்பாத்துனாருங்க.”

“அந்தக் காலோடதான் இன்னும் எங்க தோட்டத்துல வாழைத்தார் திருட வாராருங்க” என்றது பின்வரிசை. மண்டபமே சிரித்தது.

ஸ்டீவ் சிரிக்கவில்லை. “அம்மா, அந்த வெள்ளத்தப்ப எனக்குக் காய்ச்சல். அப்பா நாள் முழுக்க நெத்தியில ஈரத்துணி போட்டுட்டே இருந்தாரே.”

“இருந்தாரு கண்ணு.”

அப்படியொரு வைத்தியரும் இல்லை, அப்படியொரு குடும்பஸ்தரும் இல்லை என்று ஊரே சொல்லும். ஒரே ஆள் எப்படி இரண்டுமாக இருந்தார் என்று யாரும் யோசித்ததில்லை, சாராள் உட்பட. வெளியே போனவர் ஒருவர், வீட்டிலிருந்தவர் இன்னொருவர். அதில் தன்னோடு வாழ்ந்தது மனிதரா, அவருடைய நிழலா?

கடைசியாக நஃபீசா எழுந்தாள். “எங்கூட்டுக்காரரு படுக்கையில கெடந்தப்ப டாக்டரு பக்கத்துலயே இருப்பாருங்க. ‘ஊட்டுல சாராளு காத்துட்டிருப்பா’ன்னு வாசலையே பாப்பாரு. ஆனா போகமாட்டாரு.”

வீட்டிலிருந்தவரும் வாசலைத்தான் பார்ப்பார். வாசல் கேட் பக்கம் ஒரு காதை வைத்துக்கொண்டுதான் சிரிப்பார், சாப்பிடுவார்.

கூட்டம் முடிந்ததும், வந்திருந்த ஆயரைக் கொண்டுபோய் விட ஸ்டீவ் கிளம்பினான். சாராள் தனியாக வீட்டுக்கு வந்தாள். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அவர் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க, அப்ப அடக்கம் பண்ணுனது யாரைங்க?”

பூண்டுத்தோல் மட்டும் மேஜையில் சேர்ந்துகொண்டே போனது. அவள் தட்டு வைத்துச் சோறு போட்டாள். அவர் கை வைப்பதற்குள் வெளியே யாரோ கூப்பிட்டார்கள்: “டாக்டருங்க… டாக்டருங்க…”

அவர் பாதி எழுந்தார். வாழ்நாளில் முதல்முறையாகச் சாராள் அவர் சட்டையைப் பிடித்தாள். துணி கையில் அகப்பட்டது.

“வெளிய போறவரு போய்க்குவாருங்க. நீங்க இருங்க.”

வெளியே கேட் திறந்து மூடியது. செருப்புச் சத்தம் தெருவோடு தேய்ந்தது. அவர் மெல்ல உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தார்.

இதையும் பண்ணாரியம்மன் அறியத்தான் சொல்கிறேன்: டாக்டர் ஞானாபரணம் கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை.