திரைக்கு எடுத்த அளவு

திங்கட்கிழமைக்குள் நான் அலுவலகத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்: வேலையில் தொடர்கிறேனா, இல்லையா. கழுத்தில் தொடங்கி வலது கை விரல்வரை இறங்கும் வலிக்கு மருத்துவர் சொன்னது இரண்டே வழி. லேப்டாப் முன்னால் கூன்போட்டு உட்காருவதை நிறுத்த வேண்டும். முடியாவிட்டால் வேலையையே நிறுத்த வேண்டும்.

வீட்டிலிருந்தபடியே இணையதளம் கட்டுவது என் வேலை. ஒரு பக்கம் நிரலை எழுதினால், மறுபக்கம் அது பொத்தானாகவும் படமாகவும் மாறி நிற்கும். ஏழு வருடமாகப் பார்க்கிறேன், இன்னும் சலிக்கவில்லை.

சனிக்கிழமை காலை என் கணவர் மகாராஜனோடு சீவலப்பேரியில் டவுண் பஸ் ஏறினேன். நெல்லையப்பர் கோவில் ரத வீதிப் பக்கம் அவருக்கு ஜாக்கெட் தைக்கும் கடை இருக்கிறது. அன்று கடையைத் திறக்காமல், கழுத்தில் டேப்பும் பையில் அளவு நோட்டுமாக நேரே கம்ப்யூட்டர் கடைக்குக் கூட்டிப் போனார்.

கடைக்காரர் அசன் முகம்மது அண்ணாச்சி அவரைப் பார்த்ததும் கேட்டார்: “வே மகாராஜா, எங்க வீட்டு ஆபிதா சுடிதாரு இந்தப் பெருநாளைக்கா, அடுத்த பெருநாளைக்கா?”

“இந்தப் பெருநாளைக்குத்தான் அண்ணாச்சி. மொதல்ல எங்களுக்கு ஒரு மானிட்டரு காட்டுங்க. இருபத்துநாலு இஞ்ச்.”

அளவைக் காரணத்தோடுதான் சொன்னார். வீட்டில் எங்கள் இருவருக்கும் ஒரே மேசை. இடது கோடியில், துணி ஓரம் பிரியாமல் அடிக்கும் அவருடைய ஓவர்லாக் மெஷின். அது போக மிஞ்சுவது இருபத்தைந்து அங்குலம். இருபத்துநாலு வைத்தால் ஓர் அங்குலம் மூச்சுவிட இருக்கும் என்பது அவர் கணக்கு.

அண்ணாச்சி எடுத்து வைத்தார். இவர் டேப்பைக் குறுக்கே பிடித்தார். முகம் மாறியது.

“அண்ணாச்சி, இருபத்தொண்ணுதான் இருக்கு. மூணு இஞ்ச் எங்க போச்சு?”

“நான் தின்னுட்டேன் வே. நீரு துணிக்குப் பன்னா பாக்க மாதிரி பாக்கீரு. இத மூலைக்கு மூலை அளக்கணும்.”

பன்னா என்றால் துணியின் அகலம். துணியோடு வாழ்கிறவரிடம் ஓர் எண்ணைச் சொன்னால் பன்னாவைத்தான் நினைப்பார். டேப்பைக் கீழ் மூலையிலிருந்து எதிர் மேல் மூலைக்கு இழுத்தார். இருபத்துநாலு, சொல்லிவைத்தாற்போல.

“அட, குறுக்கு!” என்று சிரித்துவிட்டார்.

நான் என் லேப்டாப்பை அந்தத் திரையில் இணைத்தேன். இடது பாதியில் நிரல், வலது பாதியில் இணையதளம். திரையின் அகலத்தில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது புள்ளிகள். பாதியாகப் பிரித்தால் ஆளுக்குத் தொள்ளாயிரத்து அறுபது. அவ்வளவு ஒடுங்கிய இடத்தைக் கண்டதும் எங்கள் தளம் தன்னை ஒரு டேப்லெட்டில் திறந்திருப்பதாக நினைத்து மெனுவை மடித்துக்கொண்டது. முழுசாகப் பார்க்க நான் மாறி மாறிச் சன்னல்களைப் புரட்ட வேண்டும்.

“அப்ப இருபத்தேழு பாரும்மா” என்று அண்ணாச்சி இரண்டை வைத்தார். ஒன்று விலை குறைவு. அதில் எழுத்து பெரிதாகத் தெரிந்தது, ஆனால் மெனு மடிந்தேதான் இருந்தது.

“பெருசுதான, பொறவு ஏன் மடங்குது?” என்றார் இவர்.

“புள்ளி எண்ணிக்கை கூடல. அதே ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதத்தான் பெரிய கண்ணாடியில பரத்தியிருக்காங்க.”

“அதே எம்பிராய்டரிய அகலமா இழுத்த மாதிரியா?”

“அதேதான்.”

அடுத்ததில் இரண்டாயிரத்து ஐந்நூற்று அறுபது. பாதிக்கு ஆயிரத்து இருநூற்று எண்பது. மெனு விரிந்து நின்றது, நிரலின் வரிகளும் உடையவில்லை. சட்டத்தோடு அகலம் இருபத்துநாலே கால். மேசையில் முக்கால் அங்குலம் மிஞ்சும்.

“உக்காரு. கண்ணுலேருந்து அளவெடுக்கணும்” என்று இவர் நோட்டைப் பிரித்தார்.

“வே, ஜாக்கெட்டா தைக்கப் போறீரு?” என்று அண்ணாச்சி சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. பிரிந்த பக்கம் என்னுடையது. கல்யாணத்திலிருந்து தைத்த ஒவ்வொரு ஜாக்கெட்டின் அளவும் தேதியோடு இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் ஓரிடத்தில், ‘வலது தோள் கால் இஞ்ச் இறக்கம்’. கடைசி மூன்றிலும், ‘அரை’.

“இது என்னது?”

அவர் டேப்பைச் சுருட்டினார். “உன் தோள் எறங்கிட்டு வந்துச்சு. நான் அந்தப் பக்கம் கூடப் பிடிச்சுத் தச்சுட்டே வந்தேன். போட்டா தெரியாதுல்லா.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“துணியத் திருத்துனாப் போதும்னு நெனச்சுட்டேன் சங்கரி.” குரல் தணிந்தது. “ஆளத் திருத்தணும்னு தோணல.”

அண்ணாச்சி கல்லாப்பெட்டியில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டார்.

இவர் சட்டென்று சுவரில் இருந்த முப்பத்திரண்டைக் காட்டினார். “அதையே எடுப்போம். ஓவர்லாக்க கடைக்குத் தூக்கிட்டுப் போயிருதேன். நீ தாராளமா உக்காந்து செய்யி.”

அந்தத் திரை அழகாகத்தான் இருந்தது. அவர் மெஷினை விட்டுக்கொடுப்பது அதைவிட அழகாக இருந்தது. ஆனால் எங்கள் மேசையின் ஆழம் இருபது அங்குலம். திரையைச் சுவரோடு ஒட்டி வைத்தாலும் என் கண்ணுக்கு இரண்டடி தூரத்தில்தான் வரும். அவ்வளவு கிட்டத்தில் அவ்வளவு அகலம் என்றால் ஓரத்தைப் படிக்கத் தலையைத் திருப்ப வேண்டும், நாள் முழுக்க.

“கண்ணு மட்டும் போகணும், கழுத்து போகக் கூடாது. இருபத்தேழு போதும்” என்றேன். “ஓவர்லாக் அங்கனயே இருக்கட்டும். சத்தம் இல்லாட்டி எனக்கு வேலை ஓடாது.”

மறுநாள் வீட்டில் திரையைச் சுவரோரம் வைத்தோம். மேல்விளிம்பு என் கண்ணுக்கு நேராக வர வேண்டும். இரண்டங்குலம் குறைந்தது. அவர் நிரம்பிப்போன பழைய அளவு நோட்டுகளைக் கொண்டுவந்து அடியில் அடுக்கினார். பிறகு என் புருவத்திலிருந்து திரைவரை டேப்பைப் பிடித்தார்.

“சாஞ்சு உக்காரு. இன்னும். முதுகு நாக்காலியில படட்டும்.”

பட்டது. அந்த நாற்காலிக்கு முதுகு ஒன்று இருப்பதையே எத்தனை மாதமாக மறந்திருக்கிறேன். இருபத்தாறு அங்குலம் என்று என் பக்கத்தில் எழுதிக்கொண்டார்.

வலி அன்றே போய்விடவில்லை. ஆனால் மாலைவரை வேலை பார்த்தும் விரல் மரத்துப்போகவில்லை. திங்கட்கிழமை காலை, தொடர்கிறேன் என்று எழுதி அனுப்பினேன்.

ஆடி முடிந்து புது ஜாக்கெட்டுக்கு அளவெடுத்தார். வலது தோளில் டேப்பை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

“இன்னும் கால் இஞ்ச் கெடக்கு.”

“அப்ப அதுக்குத் தக்கன தைங்க.”

“மாட்டேன். ரெண்டு தோளையும் ஒண்ணாத்தான் வெட்டப்போறேன். கொஞ்ச நாளைக்கு அந்தப் பக்கம் தூக்கிட்டு நிக்கும், நிக்கட்டும். நீ பையப் பைய அதுக்கு வந்து சேரு.”

ஓவர்லாக் ஓடத் தொடங்கியது. நான் நாற்காலியில் சாய்ந்துகொண்டேன்.