விற்காமல் இருக்கும் விலை

சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லாத இரும்புக் கொக்கி ஒன்றுக்கு அறுநூறு டாலர் என்று போட்டிருந்ததைப் பார்த்ததும் ஹெல்மிக்கு வெட்கமாகிவிட்டது. செத்துப்போன மனுஷனைப் பேராசைக்காரன் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது.

அவள் கணவர் வெய்க்கோ பழைய ரைபிள்களின் பாகங்களை இணையத்தில் விற்றுவந்தார். செய்த கம்பெனிகளே மண்ணாகிப்போன ரைபிள்களின் திருகாணி, சுருள்வில், குறிமுள் என்று மிச்சிகனின் வடகோடியில் இருந்த அந்த வீட்டின் நிலவறை முழுக்க இரும்புதான். படம் எடுப்பதும் பொட்டலம் கட்டுவதும் தபாலாபீஸ் பெண்ணிடம் வம்பளப்பதும் ஹெல்மியின் வேலை. விலை வைப்பதை மட்டும் அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. ஏரியில் பனி உடையத் தொடங்கிய ஏப்ரலில் அவர் போய்ச் சேர்ந்தார். அந்தக் கோடையில் அவள் நிலவறையை மெல்ல மெல்லக் காலிசெய்தாள்.

அறுநூறை அடித்துவிட்டு நாற்பது என்று போட்டாள். ஊற்றிய காப்பி ஆறுவதற்குள் கொக்கி விற்றுப்போனது. ஒஹையோவில் டெல்பர்ட் என்று யாரோ. 'பார்த்தீரா, நியாயமான விலை வைத்தால் எப்படிப் போகிறது' என்று காலி நாற்காலியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டாள்.

நவம்பர் வந்தது. பதினைந்தாம் தேதி மான் வேட்டை தொடங்கும். அன்றைக்கு அந்த ஊரில் பள்ளிக்கூடம்கூடக் கிடையாது. அண்ணனும் தம்பியும் வேட்டைக்குத் தங்கும் காட்டுக் குடிசையில் வெய்க்கோவின் படுக்கை காலியாகக் கிடக்கும் என்பதை ஹெல்மியால் தாங்க முடியவில்லை. அவர் இடத்துக்குத் தானே வருவதாகவும், அவர் ரைபிளைத்தான் எடுத்துவருவதாகவும் கொழுந்தன் ரெய்னோவிடம் சொல்லிவிட்டாள். குறி சரிபார்க்க அதை மணல்குழிப் பக்கம் எடுத்துப்போன ரெய்னோ, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பினான்.

"கொக்கி ஒடிஞ்சுபோச்சு அண்ணி. சுட்ட தோட்டாவ வெளிய இழுக்க மாட்டேங்குது. பரவால்ல, அண்ணன் ஒண்ணு மாத்துக்கு வெச்சிருந்தான்ல? அந்த அறுநூறு டாலர் கொக்கி. அதக் குடுங்க, மாட்டித் தர்றேன்."

ஹெல்மி அடுப்பில் இருந்த, கறி அடைத்த பாஸ்டியைத் திருப்பி வைத்தாள். திருப்பவேண்டிய அவசியமே இல்லை.

"வித்துட்டேன்."

"வித்தீங்களா? அறுநூறுக்கா?"

"நாப்பது."

ரெய்னோ நிலவறைப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "அய்யோ அண்ணி! அது விக்கிற விலை இல்ல. விக்காம இருக்கிற விலை!"

"விக்காததை எதுக்குடா கடையில வெக்கணும்?"

"தன்கிட்ட இருக்குன்னு ஊருக்குத் தெரிய வேணாமா? இந்தத் தொழில்ல இருக்குற எல்லாரும் செய்யிறதுதான். யாருக்கு வித்தீங்க?"

"ஒஹையோ. டெல்பர்ட்."

"போச்சு. அந்த ஆளு வருஷா வருஷம் விலை கேப்பான். அண்ணன் வருஷா வருஷம் திட்டி எழுதுவான். அது ரெண்டு கிழவனுக்கும் ஒரு பண்டிகை மாதிரி."

ரெய்னோ தெரிந்த இடமெல்லாம் கேட்டுப் பார்த்தான். எங்கும் இல்லை. இன்னொரு முழு ரைபிளை வாங்கிப் பிரிக்கலாம் என்றான். நல்லா இருக்கிற ஒன்றைக் கொன்று இன்னொன்றுக்கு உயிர் கொடுப்பதை வெய்க்கோ கசாப்புக்கடை என்பார். ஹெல்மி வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, ஒஹையோவுக்கே போன் போட்டாள்.

"வெய்க்கோ வீட்ல இருந்தா?" டெல்பர்ட்டின் கரகரத்த குரல் பரபரத்தது. "எங்கேம்மா அந்தக் கிழட்டுக் கரடி? நாப்பதுன்னு பாத்ததும் எனக்கு நெஞ்சு அடைச்சுடுச்சு. ஒண்ணு ஆளு குடிச்சிருக்கணும், இல்லன்னா..."

"ஏப்ரல்ல போயிட்டாருங்க."

அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது.

"வாங்கின அன்னிக்கே நக்கலா ஒரு வரி எழுதினேன்மா. பதிலுக்குத் திட்டு வரல. அப்பவே எனக்குத் தோணியிருக்கணும்."

ஹெல்மி விஷயத்தைச் சொன்னாள். டெல்பர்ட் செருமிக்கொண்டார். "அதை என் ரைபிள்ல மாட்டியாச்சே. பல வருஷம் கழிச்சு இப்பதான் அது வாயத் தொறந்திருக்கு. வேணும்னா தர்றேன். அறுநூறு டாலர்."

"அறுநூறா? உங்க பல்செட்டையும் சேத்து அனுப்புவீங்களா?"

டெல்பர்ட் சிரித்த சிரிப்பில் இருமலே வந்துவிட்டது. "இதான், இதான்! இந்தத் திட்டுக்குத்தான்மா நான் வருஷா வருஷம் எழுதினதே. ஆனா எனக்கும் இந்த மாசக் கடைசியில வேட்டை இருக்கே. நான் என்ன பண்ணட்டும்?"

"கடைசியிலயா? பதினஞ்சாம் தேதி இல்லையா?"

"அது உங்க ஊர்ல. எங்களுக்கு நன்றித் திருநாள் வான்கோழிய தின்னு முடிச்ச அடுத்த திங்கக்கிழமைதான்."

ஹெல்மி சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். பொட்டலம் கட்டியே பழகிய கை, மேஜை மேல் இல்லாத காகிதத்தைத் தானாகவே மடித்துக் காட்டியது. "அப்படின்னா ஒரே கொக்கி போதுமே. இன்னிக்கே எனக்கு அனுப்புங்க. முதல் வாரம் நான் வெச்சுக்கிறேன். அது முடிஞ்சதும் உங்களுக்கு அனுப்பிடறேன். வான்கோழிக்கு முன்னாடியே கைக்கு வந்துடும்."

"வருஷா வருஷமா?"

"வருஷா வருஷம்தான். தபால் செலவு ஆளுக்குப் பாதி."

"வெய்க்கோவ விடக் கெட்டிக்காரி நீ" என்றார் டெல்பர்ட். பிறகு தாழ்ந்த குரலில், "பொட்டலத்துல ஒரு வரி திட்டி எழுதிப் போடும்மா" என்றார்.

கொக்கி பதின்மூன்றாம் தேதி வந்தது. ரெய்னோ கை நீட்டியும் கொடுக்காமல் ஹெல்மியே ரைபிளில் மாட்டினாள். மறுநாள் மாலை குடிசையில், சௌனா என்ற நீராவிக் குளியலின் சூட்டோடு வந்து வெய்க்கோவின் படுக்கையில் படுத்தாள். நடுவில் பள்ளம் விழுந்திருந்தது. அதில் புரண்டு விழுந்து அப்படியே தூங்கிப்போனாள்.

விடிந்ததும் தேவதாரு மரங்களுக்கு நடுவே ஒரு கொம்பன் மான் வந்து நின்றது. ஹெல்மி மூச்சைப் பிடித்துச் சுட்டாள். ரைபிளின் நெம்புகோலை இழுத்தாள். பனியில் ஏதோ சுர்ரென்றது.

மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து ரெய்னோ கத்தினான். "விழுந்துச்சா அண்ணி?"

"எதைக் கேக்கற? மானையா, தோட்டாவையா?"

"மானத்தான்!"

"அது அப்பவே ஓடிப்போயிடுச்சுடா" என்று கத்திவிட்டு, பனிக்குள் கைவிட்டு, இன்னும் சூடு ஆறாத காலித் தோட்டாவைத் தேடினாள் ஹெல்மி.