குளிருது என்றாள் பிள்ளை

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. எங்கள் ஊற்றின் முன்னால் ஒரு சொல்லைச் சொல்லக் கூடாது என்றேன். வெளியூர்க்காரர் ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தண்ணீருக்குக் காது உண்டா என்று கேட்டார். உண்டு. என் அத்தையின் முதுகைக் காட்டியிருப்பேன், அவள் சம்மதிக்கவில்லை. யாரோ வாய்தவறிச் சொன்ன நாளில் தண்ணீர் ஆள் உயரம் எழுந்து அவளைத் தொட்டுவிட்டுப் போனது.

அந்தச் சொல்லை இங்கேயும் எழுத மாட்டேன். கல்லிடுக்கில் ஆவி பறக்கிற, நடுவில் முட்டையை இறக்கினால் கட்டியாகிவிடுகிற தண்ணீர். போதுமா? ஊற்றங்கரையில் நாங்கள் அதற்குச் சொல்வது ‘குளிருது’.

2

தொரேவா மலையின் மேல் பொழுது புலர்ந்து, பனியும் ஆவியும் கலந்து —

வேண்டாம். பிள்ளை தண்ணீரில் இருக்கும்போது மலையை வர்ணிப்பவனை நானே அடிப்பேன்.

பிள்ளையின் பெயர் உல்லி. கால்கள் மடங்கியே பிறந்தவள். கால் நிமிர வேண்டும் என்று பிரம்புக் கூடையில் உட்கார வைத்து ஊற்றின் ஓரத்தில் இறக்கியிருக்கிறார்கள். கயிறு அவள் அப்பன் கொர்தானின் கையில். எங்கள் வழக்கப்படி பெற்றவள் எதிர்க்கரையில்தான் நிற்க வேண்டும். நெவீரா அங்கே நிற்கிறாள். நடுவில் ஆவி. யார் முகமும் யாருக்கும் சரியாகத் தெரியாது.

கொர்தான் உப்பளத்து நாட்டுக்காரன். அந்தச் சொல்லைச் சொல்லாதே என்று நெவீரா அவனிடம் படித்துப் படித்துச் சொன்னாள். அதற்குப் பதிலாக நாங்கள் என்ன சொல்வோம் என்பதைச் சொல்லவில்லை. மறைக்கவில்லை, அது சொல்ல வேண்டிய விஷயம் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. (எனக்கும் தோன்றியிருக்காது.) மகளை மட்டும் பேச்சு வந்ததுமே ‘குளிருது’ என்று சொல்லப் பழக்கிவிட்டாள்.

3

“அப்பா, குளிருது.”

“இதோ முடிஞ்சிரும் கண்ணு.”

“அப்பா! ரொம்பக் குளிருது!”

எதிர்க்கரையிலிருந்து நெவீரா கத்தினாள். “யோவ், தூக்குய்யா பிள்ளைய!”

“இன்னும் ஒரு முழுக்குத்தான்டி! பாதியில எடுத்தா பலிக்காதுன்னு உங்க ஆளுங்கதானே சொன்னாங்க?”

“அவளுக்குக் குளிருதுய்யா! காது அடைச்சுப்போச்சா உனக்கு?”

“அதான் கேட்டுச்சே! ஓரத்துலதான் அப்படி இருக்கும். நடுவுல இறக்கினா சரியாயிடும். நீ சும்மா கத்தாத!”

கயிற்றை நாலு முழம் விட்டான். (‘நாலு முழம்’ என்பதை அடித்துவிட்டேன். அரை முழம். அதற்குமேல் என் கை வரவில்லை.)

4

உல்லியை ‘வலிக்குது’ என்று கத்த வைத்துப் பார்த்தேன். “வலிச்சாத்தான் காலு நீளும் கண்ணு” என்று அவனே பதில் சொல்லிவிட்டான். நெவீராவைத் தண்ணீரில் குதிக்க வைத்தேன். பாதி தூரம்கூட வர முடியவில்லை, அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். கொர்தானைக் கொஞ்சம் புத்திசாலியாக்கலாமா? அவன் ஒன்றும் முட்டாள் இல்லை. மகள் நடந்துவிடுவாள் என்று நம்புகிறான். எனக்குப் பயமே அதுதான்.

‘குளிருதுன்னா குளிரு இல்லய்யா’ என்று நெவீராவைக் கத்த வைத்தேன், அவனுக்கு அது பிடிபடவில்லை. மிச்சம் ஒரே வழி. நெவீரா வாயைத் திறக்கிறாள். “யோவ், அங்க தண்ணி —”

இதை என்னால் முடிக்க முடியாது. எனக்கும் நாக்கு இதே கரையில்தான் வளர்ந்தது.

5

நீங்கள் எங்கள் ஊர் இல்லை. அந்தச் சொல்லைச் சோற்றுக்கும் காய்ச்சலுக்கும் தினமும் சொல்கிறவர்கள். இப்போதும் அது உங்கள் நாக்கு நுனியில் இருக்கிறது, எனக்குத் தெரியும்.

சொன்னால் கொர்தானுக்குப் புரிந்துவிடும். அந்த நொடியே கயிற்றை இழுப்பான். தண்ணீரும் அந்த நொடியேதான் எழும். எது முந்தும் என்று எனக்குத் தெரியாது. சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது தெரியும்.

சீக்கிரம் முடிவு செய்யுங்கள். நான் காதைப் பொத்திக்கொள்கிறேன்.