எண்ணெய் விலகிய வட்டம்

துறைமுகத்தில் மிதந்த எண்ணெய்ப் படலத்திலிருந்து பதினொரு வகைப் பாக்டீரியாக்களைப் பிரித்தெடுக்க ஆய்வு மாணவியான அவளுக்கு எட்டு மாதம் பிடித்தது. கடலில் கசிந்த எண்ணெய்தான் அவற்றுக்குச் சாப்பாடு. சோப்பு மாதிரி ஒன்றைத் தாமே சுரந்து, எண்ணெயைப் பொடித் துளிகளாக உடைத்துத் தின்னும் என்பது அவள் கணிப்பு. சோதனையும் எளிதுதான். தட்டில் தண்ணீர், மேலே மெல்லிய எண்ணெய், நடுவில் பாக்டீரியா வளர்ந்த நீர் ஒரு சொட்டு. சுரப்பு இருந்தால் எண்ணெய் வட்டமாக விலகும். பதினொன்றும் விலக்கின. பேராசிரியர் ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

ஒரு நாள் புது பிளாஸ்டிக் குழாய்கள் தீர்ந்துவிட்டன. ஒப்பிட்டுப் பார்க்க எப்போதும் அவற்றில் வைக்கும் வெறும் நீரை, பாக்டீரியாவே இல்லாததை, பாக்டீரியாக்களை வளர்க்கும் கண்ணாடிக் குடுவை ஒன்றில் ஊற்றினாள். அதிலிருந்து ஒரு சொட்டு விட்டாள். எண்ணெய் விலகியது.

வெறும் நீருக்கு அது விலகவே கூடாது. மறுபடி விட்டாள். மறுபடியும் விலகியது.

குடுவை கழுவும் அக்கா பக்கத்து அறையில் இருந்தார்.

"அக்கா, இதையெல்லாம் எதுல கழுவுறீங்க?"

"நீங்க குடுத்த மருந்துலதான். கடைசியா எங்க வீட்டு சோப்புத் தண்ணில ஒரு முக்கு."

"அதை யாரு போடச் சொன்னது?"

"நீங்கதானே 'பிசுக்கு போகவே இல்ல, என்னத்தக் கழுவுறீங்க'ன்னு அன்னைக்குக் கத்துனீங்க?"

கத்தியது உண்மைதான். ஆத்திரத்தை எங்கே கொட்டுவதென்று தெரியாமல் நேரே பேராசிரியரிடம் போய் நடந்ததைச் சொன்னாள்.

"எல்லாருக்கும் சொல்லித் தொலைச்சிட்டேனேம்மா!" அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"தப்பா இருக்கலாம்னு அவங்ககிட்டயும் சொல்லிடுங்க சார். முதல்லேர்ந்து பாக்குறேன்."

அவளும் அக்காவுமாகக் குடுவைகளைக் கொதிக்க வைத்து, கை வலிக்க வலிக்க அலசினார்கள். மூன்று வாரம் ஓடியது. பத்து வகைகளின் சொட்டுக்கும் எண்ணெய் அசைந்துகூடக் கொடுக்கவில்லை. அவள் ஒரு பொருட்டாகவே மதிக்காத ஏழாவது மட்டும் நகக்கண் அளவு விலக்கியது. புது பிளாஸ்டிக் குழாயில் வளர்த்தபோதும் அதே அளவு.

"வந்துடுச்சில்ல? இன்னும் ஏன் மூஞ்சிய உர்ருன்னு வெச்சிருக்கீங்க?" என்றார் அக்கா.

"எட்டு மாசம்க்கா! பத்து பேரும் தண்டச்சோறு தின்னுருக்கானுங்க."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. குறிப்பேட்டில் பத்து எண்களையும் தாள் கிழிகிற மாதிரி அழுத்தி அடித்துவிட்டு, ஏழாவதை மறுபடி வளர்க்க வைத்தாள்.