மூன்று பிளாஸ்டர்

சட்டையைத் தூக்கிக் காட்டச் சொன்னபோது அழகர் மறுக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவன் தையலைக் காட்டுவது தோட்டத்து லயத்து வீடுகளில் உள்ள நடைமுறை. ஹோர்லிக்ஸ் போத்தலோடு வருகிறவர்களுக்கு அதைப் பார்க்கும் உரிமை உண்டு. அடுத்த காம்பிரா வீட்டுப் பாக்கியம் அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியை முந்தானையால் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள். தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டர். வயிற்றின் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. மூன்றும் சேர்ந்தாலும் ஒரு தபாலட்டையை மூடாது.

"மத்தது எங்க?"

"அவ்வளவுதாங்க்கா."

"அவ்வளவுதானா?" பாக்கியம் திரும்பி, அழகரின் மனைவி லெட்சுமியைப் பார்த்தாள். விருந்துக்குக் கூப்பிட்டு வெறும் சோற்றைப் போட்டவளைப் பார்ப்பது போல இருந்தது அந்தப் பார்வை.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. கொஸ்லந்தைக்கு மேலே இருக்கும் அந்தத் தோட்டத்தில் ஒருவருடைய நோய்க்கு வெட்டின நீளம்தான் அத்தாட்சி. பாக்கியத்தின் வயிற்றில் ஒரே கோட்டில் இரண்டு தடவை வெட்டியிருக்கிறார்கள். அதை வைத்து அவள் பதினைந்து வருட மரியாதை சம்பாதித்திருந்தாள். தோட்டத் தலைவரின் விலாவில் கல்லடைப்புக்கு வெட்டிய தழும்பு முதுகு வரைக்கும் ஓடும். தொழிற்சங்கத் தேர்தலில் அவரை எதிர்த்து யாரும் நிற்காததற்கு அதுவும் ஒரு காரணம் என்று பேசிக்கொண்டார்கள். அப்படிப்பட்ட இடத்தில் அழகர் மூன்று பிளாஸ்டரோடு வந்து இறங்கியிருந்தான். அதோடு, பாரம் தூக்காத லேசான வேலைதான் கொடுக்க வேண்டுமென்று டொக்டர் எழுதிய ஒரு துண்டும் கொண்டுவந்திருந்தான்.

"என்னடி வருத்தம் இவனுக்கு?"

"வயித்து வலிங்க்கா. உள்ள புண்ணு," என்றாள் லெட்சுமி.

அது பொய். வலி இருந்த இடம் வயிறு இல்லை. தேயிலை பெக்டரியில் கொழுந்து லொறி வந்து நின்றதும் மூட்டைகளை இறக்கி மாடிக்கு ஏற்றுவது அழகரின் வேலை. ஏதோ ஒரு மழைக்காலத்தில் அடிவயிற்றுக்கும் தொடைக்கும் நடுவே எலுமிச்சம்பழம் போல ஒன்று எட்டிப் பார்த்தது. படுத்தால் உள்ளே போனது, மூட்டை தூக்கினால் வெளியே வந்தது. கொஞ்ச நாளில் அவன் அதற்குப் பழகிவிட்டான். ஒவ்வொரு மூட்டைக்கும் முன்னால் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, கையால் அதை உள்ளே தள்ளிவிட்டுத்தான் குனிவான். ஏதோ சாமி கும்பிடுகிறான் என்று மற்றவர்கள் நினைத்திருந்தார்கள்.

அதைச் சொல்ல முடியாததற்குக் காரணம் இருந்தது. கல்யாணமாகி ஏழெட்டு வருடமாகியும் பிள்ளை இல்லை. அதுவரைக்கும் அந்தக் குற்றம் லெட்சுமியின் பேரில்தான் பதிவாகியிருந்தது. விரதம் அவள் இருந்தாள், அப்புத்தளை வைத்தியர் கொடுத்த கசாயத்தை அவள் குடித்தாள், வளைகாப்புகளில் ஓரமாக அவள் நின்றாள். அழகருக்கு இடுப்புக்குக் கீழே கோளாறு என்று தெரிந்தால் வழக்கு மொத்தமாக அவன் பேருக்கு மாற்றப்படும். அது அவளுக்குச் சாதகம்தான். ஆனால் அவன் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில், யன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, "கீழனு மட்டும் யாருக்கும் சொல்லிறாத லெட்சுமி" என்று கேட்டான். அவன் அவளிடம் எதையும் கேட்டுப் பழகியவன் இல்லை. அவள் சரி என்றாள்.

பொய்க்கு உதவி செய்தது ஒப்பரேசன் மெசின்தான். பதுளையில் அப்போதுதான் அது வந்திருந்தது. டொக்டர் சதீசன் யாழ்ப்பாணத்துப் பொடியன். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்திருந்தார். தோட்டத்து ஆட்கள் வெட்டுக்காயத்தோடு மாதக்கணக்கில் படுத்துக் கிடக்கக் கூடாது என்பது அவருடைய பிடிவாதம். ஒப்பரேசனுக்கு முந்தின நாள் லெட்சுமியைக் கூப்பிட்டு உட்கார வைத்து விளங்கப்படுத்தினார்.

"இஞ்ச பாருங்கோ அம்மா. வயித்தில மூண்டு சின்ன ஓட்டைதான் போடுவம். ஒண்டுக்குள்ளால கமரா போகும். குடல் வெளிய வாற இடத்தை உள்ளுக்குள்ளால ஒரு வலை வைச்சு மூடுவம். அந்த வலை நகராமல் இருக்கிறதுக்கு இது." அவர் உள்ளங்கையில் ஒன்றைக் காட்டினார். அரிசியைவிடச் சிறியது. வளையம் வளையமாகச் சுருண்ட கம்பி. "சுடுற துவக்கு மாதிரி ஒரு சாமான் இருக்கு. அதால ஒவ்வொண்டா உள்ள இறுக்குவம். தசை வளந்து வலையைப் பிடிக்கிற வரைக்கும் இந்த ஆணியள்தான் காவல். அதுவரைக்கும் அவர் பாரம் தூக்கவே கூடாது. மூண்டு மாசம். விளங்கிச்சோ?"

விளங்கியது. அவளுக்குக் கேட்க ஒரேயொரு கேள்விதான் இருந்தது. அது வருடக்கணக்காக அவள் நாக்குக்கு அடியில் இருந்தது: இதுக்கும் பிள்ளை இல்லாததுக்கும் சம்பந்தம் இருக்கா? டொக்டர் காத்திருந்தார். பக்கத்தில் இரண்டு நேர்சுகள் நின்றார்கள். அவள் வாயைத் திறந்தபோது வேறொன்று வந்தது.

"உள்ள இரும்பு இருந்தா, செக்பொயிண்ட்ல அந்த மெசின வச்சுத் தடவுறப்ப சத்தம் போடுங்களா டொக்டர் ஐயா?"

சதீசன் சிரித்துவிட்டார். "அது போடாது அம்மா. போட்டால் என்னட்ட அனுப்புங்கோ. நான் ஒரு இரும்பும் இல்லாமலே, யாழ்ப்பாணத்தான் எண்டு ஒவ்வொரு நாளும் செக்பொயிண்டில இறங்கி ஏறித்தான் வாறன்."

இப்படி, ஓட்டைகள் வயிற்றில் இருந்ததால் வயிற்று வலி என்ற கதை தோட்டத்தில் நின்றது. ஆனால் வயிற்று வலிக்கு யாரும் மூன்று மாதம் அனுதாபம் வைத்திருப்பதில்லை. பெக்டரியில் அழகருக்குக் கூட்டுமாறு கொடுத்தார்கள். அவன் தேயிலைத் தூசியைக் கூட்டிக்கொண்டிருக்க, அவனுடைய மூட்டைகளையும் சேர்த்துச் சுமந்தவன் அவனது சித்தப்பா மகன் சுரேஸ். சுமக்கிறவனுக்குப் பேசும் உரிமையும் வந்துவிடுகிறது.

"அண்ணே, எனக்கும் நேத்து நுளம்பு கடிச்சிருச்சு. மூணு எடம். டொக்டருகிட்ட துண்டு வாங்கித் தாங்கண்ணே."

எல்லோரும் சிரித்தார்கள். அழகரும் சிரித்தான். சிரிக்கும்போது கையைத் தன்னையறியாமல் கீழே கொண்டுபோய், பாதியில் நிறுத்தி, வயிற்றின் மேல் வைத்துக்கொண்டான்.

மூன்று மாதம் முடிவதற்குள் திருவிழா வந்துவிட்டது. மாரியம்மன் சப்பரம் கோவிலிலிருந்து புறப்பட்டு, கொழுந்து நிறுக்கும் மடுவத்தைச் சுற்றி, ஆற்றுக்கு இறங்கி, திரும்பவும் மலை ஏற வேண்டும். தேக்கு மரத்தில் செய்தது. எந்தக் காலத்துத் துரையோ கொடுத்த மரம் என்பதால் அதைக் குறைக்க யாருக்கும் மனம் வரவில்லை. முன்தண்டில் வலது தோள் அழகரின் அப்பா வீட்டுக்குரியது. ஒரு வருடம் தோள் கொடுக்காத வீட்டுக்கு அதன் பிறகு தண்டு இல்லை. அது பங்காளிக்குப் போய்விடும். எழுதி வைக்காத சட்டம் என்பதால் அதை யாராலும் மாற்றவும் முடியவில்லை. பிள்ளை இல்லாத ஒருவனிடம் வீடு என்று சொல்லிக்கொள்ள மிச்சமிருந்தது அந்த ஒரு தோளளவு மரம்தான்.

"போகாதீங்க. காச்சல்னு படுத்துக்கங்க," என்று காலையில் லெட்சுமி சொன்னாள்.

"போய்ச் சும்மா நிக்கிறேன். நிக்கிறதுக்கு என்ன?"

தப்பு முழங்கத் தொடங்கியிருந்தது. கோவில் முற்றத்தில் மூன்று தோள்கள் தண்டுக்குக் கீழே தயாராக நின்றன. நான்காவது இடம் காலியாக இருந்தது. தலைவர் கழுத்தை நீட்டிக் கூட்டத்துக்குள் பார்த்தார்.

"அழகரு, தோள் குடுக்கிறியா இல்லயா? நேரம் போகுதில்ல."

"அண்ணனுக்கு வயித்து வலிங்க தலைவரே," என்றான் சுரேஸ். சட்டையை ஏற்கெனவே கழற்றியிருந்தான். "ஓமத்தண்ணி குடுத்து ஓரமா ஒக்கார வைங்க. சாமிய நாங்க பாத்துக்கிறோம்."

பெண்கள் பக்கம்கூட சிரிப்பு எழுந்தது. அழகர் திரும்பி லெட்சுமியைப் பார்த்தான். அவளைச் சுற்றிப் பெண்கள் நெருக்கி நின்றார்கள். பாக்கியத்தின் முழங்கை அவள் விலாவில் இடித்துக்கொண்டிருந்தது. சொல்வதற்கு அவளிடம் இரண்டே சொற்கள் இருந்தன. கொடல் எறக்கம். மூட்டை தூக்குகிற தோட்டத்தில் அந்தச் சொற்கள் யாருக்கும் புதிதில்லை. சொல்லியிருந்தால் தப்பு நின்றிருக்கும், தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேறு ஆளைக் கூப்பிட்டிருப்பார், அவ்வளவுதான். பிறகு பல நாட்கள் அவள் அந்தப் பார்வையைத் திரும்பத் திரும்ப எடுத்து விரித்துப் பார்த்தாள். சொல்லிவிடு என்று அவன் கேட்டானா, சொல்லிவிடாதே என்று கேட்டானா? இரண்டுக்கும் ஒரே கண்கள்தான் இருந்தன. அந்த நிமிடம் அவளுக்குத் தெரிந்ததெல்லாம், பஸ்ஸில் தான் சரி என்று சொன்னது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அழகர் சட்டையைக் கழற்றிப் பக்கத்தில் நின்ற யாரிடமோ கொடுத்தான். பிளாஸ்டர்கள் விழுந்த இடத்தில் மூன்று புள்ளிகள் ஆறி வெளுத்திருந்தன. அவன் இந்த முறை சுவர்ப் பக்கம் திரும்பவில்லை; திரும்புவதற்கு அங்கே சுவரும் இல்லை. குனிந்து, தோளைக் கொடுத்து, அம்மனை எடுத்தான்.

நன்றாகத்தான் சுமந்தான். அதையும் சொல்ல வேண்டும். ஆற்றுக்கு இறங்கும் வளைவில் பின்தண்டுக்காரன் வழுக்கியபோது சப்பரம் முழுவதும் ஒரு மூச்சு நேரம் அவன் தோளில் சாய்ந்தது. அவன் அசையவில்லை. தலைவரே "அப்பன் மாதிரியே நிக்கிறான்யா" என்றார். சுரேஸ் வாயை மூடிக்கொண்டு குடை பிடித்தான்.

இரண்டு நாள் கழித்து எலுமிச்சம்பழம் திரும்ப வந்தது. இந்த முறை படுத்தும் போகவில்லை. கல் போல இறுகி, தொட்டால் அவன் கத்தினான். விடிவதற்குள் வாந்தி பச்சையாக வந்தது. பண்டாரவளை வழியாகப் பதுளைக்கு, வாடகைக்கு ஓட்டும் நிஸாமின் வேன் போன வேகத்தில் ஒவ்வொரு வளைவிலும் லெட்சுமி அவன் தலையைத் தன் மடியில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

டொக்டர் சதீசன் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் வைத்தார். சாம்பல் நிறத்துக்குள் சின்னச் சின்னச் சுருள்கள் வெள்ளையாகத் தெரிந்தன. சில வரிசையாக, சில வரிசையைவிட்டு. இரண்டு வெகுதூரம் தள்ளி, வழி தவறிய பிள்ளைகள் போல.

"இதுகள் இருந்த இடம் இது இல்லை," என்றார். "பாரம் தூக்கினவரோ?"

"சாமி தூக்குனாருங்க."

டொக்டர் படத்தை இறக்கி மேசையில் வைத்தார். பிறகு மிகவும் மெதுவாக, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலக் கேட்டார்: "சாமி எவ்வளவு பாரம் அம்மா?"

அவளுக்குத் தெரியவில்லை. அம்மனை யாரும் தராசில் வைத்ததில்லை.

இந்த முறை மெசின் சரிவரவில்லை. திறந்துதான் செய்தார்கள். நெரிபட்டுக் கறுத்துப்போன குடலில் ஒரு துண்டை வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. உயிருக்குப் பயமில்லை என்றும், மூட்டை வேலை இனி வாழ்நாளுக்கும் இல்லை என்றும் டொக்டர் ஒரே மூச்சில் சொன்னார். அவர் திரும்பி நடக்கும்போது லெட்சுமி அந்தப் பழைய கேள்வியைக் கேட்டாள். இப்போது நேர்சுகள் நின்றதும் அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

"ஒரு சம்பந்தமும் இல்லை அம்மா," என்றார் சதீசன். அவள் முகத்தைப் பார்த்ததும் அவர் குரல் தணிந்தது. "இதை அண்டைக்கே என்னட்டக் கேட்டிருக்கலாமே."

அழகர் வீட்டுக்கு வந்தபோது தழும்பு எல்லோருக்கும் திருப்தியாக இருந்தது. தொப்புளிலிருந்து கீழே இறங்கிச் சாரத்துக்குள் மறைந்தது. காம்பிராவில் வைக்க இடமில்லாத அளவுக்கு ஹோர்லிக்ஸ் சேர்ந்தது. மறைக்க இனி எதுவும் இல்லாததால் லெட்சுமி உண்மையைச் சொன்னாள். பாக்கியம் அக்கா வாயில் கை வைத்தாள்.

"கொடல் எறக்கமா? அடி பாவி மவளே! எங்க வீட்டு மனுசன் சாகுற வரைக்கும் பெல்ட்டு கட்டிக்கிட்டுதான்டி பெக்டரிக்குப் போனாரு. அந்த பெல்ட்ட நாந்தான் ராவுல தொவச்சு, அடுப்புக்கு மேல காயப் போடுவேன், வெளிய கொடியில போட்டா யாராச்சும் பாத்துருவாங்கன்னு."

கதவோரம் நின்ற இன்னொருத்தி, தன் வீட்டுக்காரருக்கும் இரண்டு பக்கமும் என்றாள். தலைவரின் மனைவி வீட்டுக்குப் போகும்போது, அந்த டொக்டர் எந்தக் கிழமையில் இருப்பார் என்று கேட்டுவிட்டுப் போனாள். வரிசையாகப் பதினாறு காம்பிரா இருந்த அந்த லயத்தில், அடுப்புக்கு மேலே எத்தனை பெல்ட் காய்ந்தது என்று யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. பிள்ளை பற்றி ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. குடல் இறக்கத்தையும் அதையும் முடிச்சுப் போட அவர்கள் யாருக்கும் தோன்றவேயில்லை.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்தத் தண்டுகிட்ட அவன விட்டிருப்பமாடி?" என்று பாக்கியம் அழுதாள். லெட்சுமி அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள்.

சுரேஸ் கடைசியாக வந்தான். உள்ளே வராமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அண்ணே. முன்தண்டு எப்பவும் ஒங்க வீட்டுக்குத்தான். நான் தலைவருகிட்ட சொல்லிட்டேன்."

"நீயே வச்சிக்கடா," என்றான் அழகர். குரலில் கோபம் எதுவும் இல்லை. "இடுப்ப வளைக்காம, முட்டிய மடக்கித் தூக்கு."

அழகர் எழுந்து நடக்கத் தொடங்கிய ஒரு சாயந்தரம். பீலியில் தண்ணீர் மெலிசாக விழுந்துகொண்டிருந்தது. லெட்சுமி வாளியை நிறைத்துத் தூக்கிக்கொண்டு படிகளில் ஏறினாள். அவன் பின்னால் வெறுங்கையோடு வந்தான். இத்தனை வருடமும் அந்த நேரத்தில் ஏதாவது ஒன்றைச் சுமந்தே பழகிய கைகள். அவற்றை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. கொஞ்ச தூரம் முதுகுக்குப் பின்னால் கட்டிப் பார்த்தான், சாரத்தை மடித்துக் கட்டிப் பார்த்தான். பாதிப் படியில் எட்டி வந்து வாளியின் பிடியில் அவள் கைக்குப் பக்கத்தில் இரண்டு விரலை வைத்தான்.

"விடுங்க. தூக்கக் கூடாது."

"தூக்கல. புடிச்சிக்கிட்டு மட்டுந்தான் வாறேன்."

பாரம் முழுவதும் அவள் கையிலேயே இருந்தது. அவள் மறுபடி விடச் சொல்லவில்லை. படிகள் குறுகலாக இருந்ததால் இருவரும் பக்கவாட்டில் திரும்பி ஏற வேண்டியிருந்தது. ஒவ்வொரு படியிலும் தண்ணீர் கொஞ்சம் தளும்பி, முதலில் அவன் காலை நனைத்தது, பிறகு அவள் காலை.