ஆறாம் அறைக் கதவு

வியாழக்கிழமை காலையில் நோரீன் தன் வகுப்பறைக் கதவை இடுப்பால் இடித்துச் சாத்தினாள். குளிர்காலம் வந்தால் ஆறாம் அறைக் கதவு சட்டத்தில் சரியாகப் பொருந்தாது. கைப்பிடியைத் தூக்கிப் பிடித்து இடுப்பால் ஓர் இடி கொடுக்க வேண்டும். காப்பிக் குவளையோடு நடைவழியில் வந்த அவள் அக்கா கிரெச்சன் சிரித்தாள்.

"சிரிக்காதே அக்கா. நீ பிரின்சிபால் ஆனதும் முதல் வேலையா இந்தக் கதவைச் சரிபண்ணு. என் இடுப்பு பாதி தேஞ்சுபோச்சு."

"மனு எழுதிக் குடு. பரிசீலிக்கிறேன்."

"ஆமா, பரிசீலிப்பே. உன் பயிற்சிக் கட்டுரை மாதிரி 'இதை வேற எப்படிச் செஞ்சிருக்கலாம்'னு ரெண்டு பக்கம் எழுதுவே. கதவு அப்படியே இருக்கும். போ, மணி அடிக்கப் போகுது."

அதுதான் கடைசிப் பேச்சு. மதியம் ஆசிரியர் அறையில் தலை வலிக்கிறது என்றபடி நோரீன் மேசைமேல் சாய்ந்தாள். மூளையில் இரத்தக்குழாய் வெடித்திருந்தது. ஹெலிகாப்டர் டுலூத் நகர ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பிரின்சிபால் முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டில் இருந்தார். துணை முதல்வரான கிரெச்சன் கையில்தான் பள்ளி. திங்கட்கிழமை நோரீனின் மூன்றாம் வகுப்புக்கு மாற்று ஆசிரியர் யாரும் கிடைக்கவில்லை. அவளே உள்ளே போனாள். முன்வரிசைச் சிறுமி ஒருத்தி கேட்டாள், "மிஸ் நோரீன் எப்ப வருவாங்க?"

"வரமாட்டாங்க கண்ணு. செத்துப்போயிட்டாங்க."

பிள்ளைகள் அழுதார்கள். அவளும் அழுதாள். அதன் பிறகு ஏழாம் வாய்ப்பாடு சொன்னார்கள்.

பிரின்சிபால் ஜூனில் ஓய்வு பெறுகிறார். அதற்குள் கிரெச்சனுக்குப் பிரின்சிபால் உரிமம் கைக்கு வராவிட்டால் அந்த நாற்காலியில் வெளியூர் ஆள் வந்து உட்காருவார். உரிமத்துக்கு ஒரே ஒரு பாக்கி: தான் எடுத்த கடினமான முடிவு ஒன்றைச் சனிக்கிழமைப் பயிற்சிக் குழுவின் முன் வைத்து, அதைப் பற்றித் தன்னாய்வுக் கட்டுரை எழுத வேண்டும். பஸ் நேர மாற்றத்தைப் பற்றிப் பேசுவதாக இருந்தாள் கிரெச்சன். பயிற்சியாளர் டாக்டர் பெக்ஸ்ட்ராம் விடவில்லை.

"தங்கச்சி விஷயத்தை விட்டுட்டுப் பஸ்ஸைப் பத்திப் பேசறது தப்பிக்கிற வழி, கிரெச்சன்."

அந்தக் குழுவில் ஒரு முறை உண்டு. பிரச்சினையைக் கொண்டுவந்தவர் சொல்லி முடித்ததும் நாற்காலியைத் திருப்பி, மற்றவர்களுக்கு முதுகு காட்டி உட்கார வேண்டும். அவர் அங்கே இல்லாததுபோல மற்றவர்கள் பேசுவார்கள். அவர் வாய் திறக்கக் கூடாது. திங்கட்கிழமை வகுப்பில் நடந்ததைச் சொல்லிவிட்டு, கிரெச்சன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். எதிரே ஜன்னல், பனி மூடிய கார்கள்.

"எட்டு வயசுப் பசங்ககிட்ட 'செத்துப்போயிட்டாங்க'ன்னா சொல்வாங்க?" இது கால்பந்துப் பயிற்சியாளர் டுவைட்.

"துக்கத்தைச் சந்திக்கப் பயந்து வேலைக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டாங்கன்னு எனக்குத் தோணுது," என்றது ஒரு பெண் குரல்.

யாரோ சிப்ஸ் பொட்டலத்தைப் பிரித்தார்கள். அந்தச் சத்தத்தில்தான் கிரெச்சனுக்குப் பொறுமை போயிற்று. நாற்காலியைத் தரதரவென்று திருப்பினாள்.

"ஆள் கிடைக்கலைங்க. பசங்க ஈர பூட்ஸோட உக்காந்திருந்தாங்க. யாராவது உள்ள போகணும். இதுல ஒளியறதுக்கு இடம் எங்க இருக்கு?"

"இந்தக் கட்டத்துல நீங்க பேசக் கூடாது," என்றார் டாக்டர் பெக்ஸ்ட்ராம்.

"ஃபவுல்! மஞ்சக் கொடி வீசுங்க டாக்டர்," என்றான் டுவைட். ஒருவரும் சிரிக்கவில்லை.

கட்டுரை திரும்பி வந்தது. 'இன்னும் ஆழமாகப் போங்கள். வேறு எப்படிச் செய்திருப்பீர்கள்?' மாற்றி எழுதி அனுப்பினாள். அதே வரியோடு மறுபடியும் வந்தது.

அந்தக் கேள்வியின்மேல் அவளுக்கு வெறுப்பு இருந்ததில்லை. இலையுதிர் காலத்தில் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்த ஒரு சண்டையைப் பற்றி எழுதும்போதுதான், தான் முதலில் கத்திவிட்டுப் பிறகுதான் விசாரிக்கிறோம் என்பது அவளுக்கே தெரிந்தது. அன்றிலிருந்து திருத்திக்கொண்டாள். ஆனால் இதில் தோண்டி எடுக்க என்ன இருக்கிறது? நோரீன் செத்துவிட்டாள். பிள்ளைகள் காத்திருந்தார்கள். இன்னொரு முறை நேர்ந்தாலும் அவள் அதையேதான் செய்வாள், அதே வார்த்தையைத்தான் சொல்வாள்.

துக்கத்துக்கு அக்கம்பக்கத்தார் கொடுத்துப்போன, இறைச்சியும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் சுட்ட ஹாட்டிஷ் தட்டுகள் இன்னும் உறைபெட்டியில் அடைந்து கிடந்தன. ஒன்றைச் சூடாக்கித் தட்டிலிருந்தே சாப்பிட்டபடி, கோபத்தில் கடைசிப் பத்தியை அடித்துவிட்டு எழுதினாள்: 'வேறு விதமாகச் செய்திருப்பேன் என்று சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. ஆறாம் அறைக் கதவை அவள் இருக்கும்போதே சரிசெய்திருப்பேன்.' எழுதியதை மறுபடி படிக்காமலே அனுப்பினாள்.

மறுநாளே பதில் வந்தது. 'மிகச் சிறப்பு! கட்டடப் பராமரிப்பில் உங்கள் பொறுப்பை உணர்ந்துவிட்டீர்கள். தலைமை என்பது இதுதான். தேர்ச்சி.'

அலுவலக உதவியாளர் ஃபில்லிஸிடம் அதைக் காட்டினாள்.

"பாஸாயிட்டீங்களே! அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"நோரீனைப் பத்தி எழுதினேன், ஃபில்லிஸ். மார்க்கு கதவுக்கு விழுந்திருக்கு."

ஃபில்லிஸ் காகிதக் கைக்குட்டைப் பெட்டியை அவள் பக்கம் தள்ளினாள்.

கோடையில் பிரின்சிபால் நாற்காலியில் உட்கார்ந்ததும் கிரெச்சன் முதல் வேலையாகத் தச்சரை வரவழைத்தாள். அவர் கதவை நாலைந்து தடவை திறந்து சாத்திப் பார்த்தார்.

"வெண்ணெய் மாதிரி போகுதேம்மா. இதுல என்ன கோளாறு?"

"குளிர்காலத்துல வந்து பாருங்க."

"அப்பக் கூப்பிடுங்க," என்று அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். குளிர்காலத்தில் கூப்பிட்டபோது, உறைந்து வெடித்த குழாய்கள் நனைத்த மரத்தரைகளைப் பார்க்கவே அவருக்கு நேரமில்லை.

ஜனவரியில் ஆறாம் அறைக் கதவைச் சாத்த வேண்டுமானால், கைப்பிடியைத் தூக்கிப் பிடித்து இடுப்பால் ஓர் இடி கொடுக்க வேண்டும்.